ஒண்ணும் ரெண்டும்

ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் 'ச. சுப்பிரமணியன்' என்ற பெயர் அடுத்தடுத்து இரண்டு வரியில் இருந்தது. ஒன்று நான். இன்னொருவன் காருகுறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். என் அப்பா சங்கரன், அவன் அப்பா சண்முகம். தலைப்பெழுத்தை வைத்தும் எங்களைப் பிரிக்க வழியில்லை. முதல் நாள் வாத்தியார் பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு பேரும் எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்றோம்.

வாத்தியார் பேனாவை மூடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் உதவிக்கு வந்தான். "சார், அவன் வந்து..." என்று ஒரு சாதியின் பெயரை எடுத்தான். பத்து வயதுப் பையன். எங்கள் இரண்டு பேர் முகமும் அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் யார் எந்தத் தெரு, எந்த ஆட்கள் என்பது அதற்குள் தெரிந்திருந்தது.

"அது இங்க வேண்டாம்லே. உக்காரு" என்றார் வாத்தியார். சத்தம் போடவில்லை. பிறகு எங்களைப் பார்த்து, "இன்னைக்கு உங்கள்ல யாரு முதல்ல வந்தது?" என்று கேட்டார். அவன் கையைத் தூக்கினான். சிவப்பு மையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் 1 என்றும் என் பெயருக்குப் பக்கத்தில் 2 என்றும் எழுதினார். அன்றிலிருந்து அவன் ஒண்ணு, நான் ரெண்டு.

தாமிரபரணிக் கரையில் ஒரே பெயர் பல பேருக்கு இருப்பது அதிசயமில்லை. சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டில் நின்று "சுப்பையா" என்று ஒரு குரல் கொடுத்தால், அந்தக் காலத்தில் நாலு பேராவது திரும்பியிருப்பார்கள். ஆறு கடலைச் சேரும் பக்கம் போனால் திருச்செந்தூர். அதனால் வீட்டுக்கு ஒரு சுப்பிரமணியன், சண்முகம், ஆறுமுகம், செந்தில். இந்தப் பக்கம் குலதெய்வத்தின் கணக்கில் இசக்கி, சுடலை, பேச்சி. டவுனுக்குப் போனால் நெல்லையப்பரும் காந்திமதியும். போதாததற்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. ஒரு தாத்தாவுக்கு நாலு மகன்கள் என்றால் நாலு வீட்டிலும் மூத்த பையனுக்கு ஒரே பெயர். எங்கள் குடும்பத்தில் பெரிய சுப்பு, சின்ன சுப்பு, பம்பாய் சுப்பு என்று மூன்று பேர். என் அம்மா எங்கள் யாரையும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. அது மாமனார் பெயர், வாயில் வரக் கூடாது. கடைசி வரைக்கும் அவளுக்கு நான் 'ராசா'தான்.

ஆகவே இந்த ஊர்ப் பக்கம் ஒரு பெயரைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "எந்த சுப்பிரமணியன்?" அதற்குப் பதில் சொல்ல எத்தனையோ நல்ல வழிகள் உண்டு. ஊரைச் சொல்லலாம். இந்தப் பள்ளத்தாக்கில் அருணாசலம் என்ற பெயருக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் காருகுறிச்சி அருணாசலம் என்றால் உலகத்துக்கே ஒருவர்தான். 1921-இல் பிறந்து 1964-இல் மறைந்த அந்த மேதையின் நாதஸ்வரம் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஜானகியின் குரலோடு இழைவதைக் கேட்டவர்களுக்கு, சேரன்மகாதேவியை அடுத்த அந்தச் சின்ன ஊரின் பெயர் ஒரு பட்டம் மாதிரி காதில் நிற்கிறது. தொழிலைச் சொல்லலாம், அப்பாவைச் சொல்லலாம். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்கும் இதே சிக்கல் இருந்திருக்கிறது. சாத்தனார் என்ற பெயரில் பல புலவர்கள். ஒருவரை மதுரைக் கூலவாணிகன் என்று தானிய வியாபாரத்தால் அடையாளம் காட்டினார்கள். இன்னொருவரை ஆவூர் மூலங்கிழார் மகனார் என்று தகப்பனாரால்.

எங்கள் ஊருக்கு வந்து தங்கிய ஒரு பெரிய மனிதரின் பெயரும் சுப்பிரமணியம்தான். பலருக்கு இது நினைவில் இருக்காது. ஏனென்றால் அவரை நாம் வ.வே.சு. ஐயர் என்கிறோம். அந்தச் 'சு'தான் சுப்பிரமணியம்; வரகனேரி வேங்கடேச சுப்பிரமணியம். லண்டனிலிருந்து போலீஸ் கண்ணில் படாமல் தப்பி 1910-இல் அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தபோது, அங்கே ஏற்கெனவே இரண்டு வருஷமாக ஒரு சுப்பிரமணியன் இருந்தார். எட்டயபுரத்தில் சுப்பையா என்று வளர்ந்த பாரதி. அதே ஊரில் கனக சுப்புரத்தினம் என்று ஓர் இளைஞர். அவர் பின்னால் தன் பெயரையே பாரதிதாசன் ஆக்கிக்கொண்டார். இந்தப் பக்கம் தூத்துக்குடியிலும் நெல்லையிலும் 1908-இல் வ.உ.சி.யோடு மேடையேறிச் சிறைக்குப் போனவர் சுப்பிரமணிய சிவா. ஒரே போராட்டத்தில் இத்தனை பேர். பாரதி, ஐயர், சிவா என்று பெயரின் மறுபாதியைக் கொண்டு நாடு அவர்களைப் பிரித்து அறிந்தது.

அந்த மறுபாதியில் ஒன்று சாதிப் பட்டம். ஐயர் 1920களின் தொடக்கத்தில் சேரன்மகாதேவியில் நடத்திய குருகுலத்தைப் பற்றி இந்த ஊர்க்காரன் யாரும் கனமில்லாமல் பேச முடியாது. படிப்போடு தொழிலும் நாட்டுப் பற்றும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தொடங்கிய இடம். அங்கே பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியாகச் சாப்பாடு என்று தெரிந்ததும், வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் காங்கிரசுக்குள்ளேயே அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். மாகாணம் முழுக்கப் பற்றிய தீ அது. அது அணைவதற்குள் 1925 ஜூனில், பாபநாசத்து அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்துபோனார். அடுத்த மாதமே சுப்பிரமணிய சிவாவும் போய்விட்டார். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த, 'குளத்தங்கரை அரசமரம்' எழுதிய அந்த மனிதர் மேல் எனக்கு மாறாத மரியாதை உண்டு. ஆனாலும் அந்தப் பந்தியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஒரே பெயரில் இரண்டு பையன்கள் அங்கே சேர்ந்திருந்தால், "எந்தப் பையன்?" என்ற கேள்விக்கு இலை போட்ட இடமே பதில் சொல்லியிருக்கும்.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தமிழ்நாடு மெல்ல மெல்ல அதைக் கேட்டும் நடந்தது. இன்றைக்கு நம் பெயர்களில் ஓர் எழுத்துதான் முன்னால் நிற்கிறது. இது எவ்வளவு பெரிய காரியம் என்று வெளி மாநிலத்துக்குப் போய் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பெயரிலிருந்து போனது, எங்கள் மாவட்டத்தில் பிள்ளைகளின் மணிக்கட்டில் கலர் கயிறாக வந்து உட்கார்ந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வேண்டாம் என்று சொன்னதோடு, வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய எந்த விவரமும் இருக்கக் கூடாது, பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதைப் படித்தபோது அந்தச் சிவப்பு மை 1, 2 தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. பெயர் வரிசையில் உட்காரவைத்தால் ஒரே பெயர்க்காரர்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்தாக வேண்டும். நாங்கள் ஐந்து வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தோம்.

எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் அவனுடைய கணக்கு மார்க் 91 என் பெயரிலும், என்னுடைய 43 அவன் பெயரிலும் ஏறிவிட்டன. விடைத்தாளில் நாங்கள் நம்பர் போட மறந்துவிட்டோம், திருத்தியவருக்கு ஒண்ணு ரெண்டு கணக்கு தெரியாது. எனக்குப் பார்த்த உடனே புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. அப்பா அன்று ராத்திரி அல்வா வாங்கி வந்தார், தின்றேன். இரண்டு நாள் கழித்து இடைவேளையில் அவன் என்னிடம் வந்தான். கோபமெல்லாம் இல்லை. "மார்க்க நீயே வச்சுக்கோ. எங்க அப்பாட்ட மட்டும் வந்து சொல்லிரு" என்றான்.

அன்று சாயந்தரம் அவனோடு காருகுறிச்சிக்குப் பஸ் ஏறினேன். அவன் அப்பா சக்கரத்தில் இருந்தார். முழங்கை வரை குளத்து மண். திண்ணை ஓரத்தில் பொங்கலுக்கான பானைகள் வாய் காய்ந்தும் அடி ஈரமாகவும் வரிசையாக இருந்தன. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் சக்கரத்தை நிறுத்தவில்லை. விரல் அழுத்தத்தில் ஒரு பானையின் கழுத்து ஒடுங்கி, வாய் விரிந்து வந்தது. நூலால் அதை அறுத்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "அப்பம் தொண்ணூத்தொண்ணு நம்ம வீட்டுதா?" என்று மகனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏட்டி, ரெண்டு சுப்பிரமணியனும் வந்திருக்கானுவ, காப்பி போடு" என்றார். மறுநாள் பள்ளியிலும் சொல்லி மார்க்கை மாற்றிக்கொண்டோம். வீட்டில் வாங்கிய அடி நியாயமான அடி.

அவன் இப்போதும் காருகுறிச்சியில்தான் இருக்கிறான்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தம்பி மகள் ஆறாம் வகுப்பு. இப்போது சுப்பிரமணியன்கள் குறைந்து, வகுப்பு முழுக்க வேறு பெயர்கள். தன் வகுப்பில் இரண்டு ஹரிணி இருக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். எனக்குள் ஏதோ இறுகியது. "எந்த ஹரிணின்னு எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தி கண்ணாடி ஹரிணி, இன்னொருத்தி சைக்கிள் ஹரிணி பெரியப்பா."

வாசலுக்கு வந்து காருகுறிச்சிக்கு போன் போட்டேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தான்.

"சொல்லுலே ரெண்டு."