அருகில் நிற்பவரே முதல் உதவியாளர்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைவேளையில், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் செல்லும் பேருந்துக்காகக் காத்து நின்றேன். சாலைக் கடைவீதியில் வேலை முடித்தவர்கள் கையில் பொட்டலங்களோடு வந்து சேர்ந்துகொண்டிருந்த நேரம். எனக்குச் சற்று முன்னால் நின்றிருந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் திடீரெனச் சரிந்து விழுந்தார். நொடிப்பொழுதில் கூட்டம் கூடிற்று. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் சோடா வாங்க ஓடினார். மற்றொருவர் வலிப்பு என்று எண்ணிச் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். விழுந்தவர் இடையிடையே வாயைத் திறந்து திணறியதைக் கண்டு, "மூச்சு இருக்கிறது, பயமில்லை" என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். ஆட்டோ ஒன்றில் ஏற்றி அனுப்பினோம். வழியிலேயே அவர் உயிர் பிரிந்ததென்று மறுநாள் அருகிலிருந்த கடைக்காரர் சொல்லக் கேட்டேன்.

ஏறக்குறைய ஐம்பது பேர் அவரைச் சூழ்ந்து நின்றோம். ஒருவரும் அவர் மார்பின்மேல் கை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இம்மாதம் இதை எழுதும்படி என்னை ஏவியது அந்த நினைவே.

மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத்திற்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருந்து வலியைச் சொல்லுவார். இதயம் நின்றுபோகும்போது நினைவு உடனே தவறிவிடும். பல சமயங்களில் இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்குகின்றன. இரத்தம் மூளைக்குச் செல்வதில்லை. அப்போது வாய் திறந்து திணறுவது உண்மையான சுவாசம் அன்று. அந்த நடுக்கத்தை நிறுத்தி இதயம் மீண்டும் ஒழுங்காகத் துடிக்க இடங்கொடுப்பது மின் அதிர்ச்சி ஒன்றே. எந்த உதவியும் இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. கோட்டைப் பகுதியிலேயே அரசு மருத்துவமனை உண்டு; ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் இந்நகரத்தில்தான் இருக்கிறது. ஆயினும் நான்கைந்து நிமிடங்களுக்குள் அவை நம்மிடம் வந்துவிட முடியுமா?

மின் அதிர்ச்சிக் கருவியை நோயாளி இருக்கும் இடத்திற்கே கொண்டு செல்லவேண்டும் என்று முதலில் துணிந்தவர்களுள் ஒருவர் அயர்லாந்து மருத்துவர் பிராங்க் பான்ட்ரிட்ஜ். 1965ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரில் கார் பாட்டரிகளைக் கொண்டு அவர் அமைத்த கருவி ஏறக்குறைய 70 கிலோ எடை இருந்தது. இன்றோ அது ஒரு கைப்பெட்டி அளவாய்ச் சுருங்கிவிட்டது. ஏ.இ.டி. என்று அதை அழைக்கிறார்கள். அது வாய் திறந்து பேசும். "பட்டைகளை மார்பில் ஒட்டுங்கள், யாரும் தொடாதிருங்கள், பொத்தானை அழுத்துங்கள்" என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும். இதயத்தின் ஓட்டத்தைத் தானே ஆராய்ந்து, தேவையானால் மட்டுமே அதிர்ச்சி கொடுக்கும். தேவையில்லாதவருக்கு நாம் பொத்தானை அழுத்தினாலும் கொடாது.

படிக்காதவர்கள் இதை இயக்க முடியுமா என்று சிலர் ஐயுறலாம். சிகாகோ நகரின் விமான நிலையங்களில் 1999ஆம் ஆண்டு முதல், ஒன்றரை நிமிட நடைக்குள் எட்டும்படி இப்பெட்டிகளை வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் 21 பேருக்கு இதயம் நின்றது. அவர்களில் 18 பேருக்கு அந்த நடுக்கம் இருந்தது; 11 பேர் உயிர் மீண்டார்கள். அந்த 11 பேரில் 6 பேரை மீட்டவர்கள் இக்கருவியில் எப்பயிற்சியும் பெறாதவர்கள். அவர்களில் மூவர் மட்டுமே மருத்துவம் படித்தவர்கள். நம் அண்டை மாநிலமான கர்நாடகத்திலோ, நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் திடீரென மறைந்தார். அவர் பெயரால் 2023இல் அம்மாநில அரசு தொடங்கிய இதய நலத் திட்டத்தில், பொது இடங்களில் இக்கருவியை வைப்பதும் சேர்க்கப்பட்டது.

"தொட்டால் போலீஸ், கோர்ட்டு என்று அலையவேண்டுமே" என்னும் அச்சமும் நம்மைத் தடுக்கிறது. சாலை விபத்தில் உதவுகிறவர்களை 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் காக்கின்றன. அவ்வாறு உதவுகிறவருக்குச் சட்டம் இட்டிருக்கும் பெயரே "நல்ல சமாரியன்" என்பதுதான். விபத்தல்லாத வேளைகளிலும், ஆபத்திலுள்ள ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் செயலைக் குற்றமாகக் கொள்ளாத விதி நம் தண்டனைச் சட்டத்தில் உண்டு.

பிரியமானவர்களே, இதை வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். விழுந்தவரின் தோளைத் தட்டி உரக்க அழையுங்கள். பதில் இல்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால், ஒருவர் 108 அல்லது 112ஐ அழைக்கட்டும். ஒருவர் பெட்டியைத் தேடி ஓடட்டும். நீங்கள் மண்டியிட்டு, மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் மறுகையை வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஏறக்குறைய இரண்டு அங்குல ஆழம் அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் மார்பு முழுவதும் மேலெழும்ப விடுங்கள். பெட்டி வந்ததும் அதைத் திறந்து இயக்கி, வியர்வையைத் துடைத்து, ஒரு பட்டையை வலது காறை எலும்பின் கீழும், மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கத்திலும் ஒட்டுங்கள். விழுந்தவர் சகோதரியாயின் தயங்கவேண்டாம். சூழ நிற்கும் பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்கட்டும், வெட்கத்தின் பொருட்டு ஓர் உயிரை இழக்கவேண்டாம். அதிர்ச்சி கொடுத்தவுடன் மறுபடியும் அழுத்தத் தொடங்குங்கள். பெட்டி கிடைக்காவிட்டாலும் ஆம்புலன்ஸ் வரும்வரை உங்கள் கைகள் நிற்கக்கூடாது.

நம்மில் பலர் கடைகளிலும் ஆலைகளிலும் உழைக்கிறோம். அடுக்குமாடிகளில் காவல் பணி செய்கிறோம். நம் பணியிடத்தில் இப்பெட்டி இருக்கிறதா? அது மேலாளர் அறையில் பூட்டிக் கிடக்கிறதா, எல்லார் கைக்கும் எட்டுகிறதா? அதன் பாட்டரியும் பட்டைகளும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா? இல்லையென்றால் பலர் கூடும் இடங்களில், நம் ஆராதனைக் கூடம் உட்பட, ஒன்றை வாங்கிவைக்கும்படி பணிவாய்க் கேட்கலாமே.

கிழக்கேகோட்டையில் அன்று விழுந்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் வீட்டிலும் யாரோ இரவு உணவை மூடிவைத்துக் காத்திருந்திருப்பார்கள். அடுத்த முறை என் அருகில் ஒருவர் விழுந்தால், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நான் நிற்கமாட்டேன். நீங்கள்?