தகுதி இல்லையா, சொல்ல ஆள் இல்லையா?

காலேஜ் பிள்ளைகளின் மேல்படிப்புக்காக டில்லி சர்க்கார் கொடுக்கும் உபகாரச் சம்பளங்கள் நம் ஊரப்பாக்கம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனால், அதற்கு இரண்டு சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. படித்த பெரிய மனிதர்கள் "தகுதி போதாது" என்கிறார்கள். பெற்றோர்களோ "தலையில் எழுதவில்லை" என்கிறார்கள். இரண்டும் சுத்தப் புரட்டு என்பதே நமது அபிப்பிராயம். எப்படியென்றால்:

நமக்குத் தெரிந்த பையன் ஒருவன் எம்.காம். படித்தவன். தகப்பனார் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். 2024 டிசம்பர் நெட் பரீட்சைக்குப் பையன் விண்ணப்பம் போட்டான். அதில் ஜே.ஆர்.எப். தேறினால் ஆராய்ச்சிப் படிப்புக்கு மாதம் 37,000 ரூபாய். பஞ்சர் கடைக்காரர் வீட்டில் அது எவ்வளவு பெரிய தொகை என்று நாம் சொல்லவேண்டியதில்லை. பையனிடம் பள்ளிக்கூட நாளில் வாங்கிய பி.சி. சர்டிபிகேட் இருந்தது. டில்லி சர்க்காருக்கு அது செல்லாது, ஓ.பி.சி. சர்டிபிகேட் என்று தாலுகா ஆபீஸ் மூலம் தனியாக வாங்கவேண்டும், அதையும் வருஷா வருஷம் புதுப்பிக்கவேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. ஓர் ஆபீசில் போய்க் கேட்டதற்கு, "எல்லாம் இணையதளத்தில் போட்டிருக்கிறது, பார்த்துக்கொள்" என்று பதில் வந்தது. கெடு முடிகிற நாளில் சர்டிபிகேட்டுக்கு எங்கே போவான்? பொதுப் பிரிவில் போட்டான். 600 ரூபாய் கட்டவேண்டியவன் 1150 ரூபாய் கட்டினான். பொதுப் பிரிவுக் கோட்டுக்கு நாலு மார்க் குறைந்து போயிற்று. ஓ.பி.சி. கோட்டிலோ அவன் தாராளமாகத் தேறியிருப்பான்!

இந்தப் பையனுக்குத் தகுதி இல்லையா?

தகப்பனார் சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. ஹால் டிக்கெட்டை அம்மன் காலடியில் வைத்து அர்ச்சனை செய்தார். குரு பார்வை சரியில்லை என்று சொல்லிச் சோசியன் பரிகாரத்துக்கு 1500 ரூபாய் வாங்கிக்கொண்டான். அம்மனாவது சோசியனாவது "அப்பா, ஓ.பி.சி. சர்டிபிகேட் வாங்கினாயா?" என்று ஒரு வார்த்தை கேட்டார்களா?

பரம்பரையாகப் படித்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் இல்லை. சித்தப்பா புரொபசராக இருப்பார். கெடு எப்போது, சிபாரிசுக் கடிதம் யாரிடம் வாங்குவது, ஆராய்ச்சித் திட்டத்தை எப்படி எழுதுவது என்பதெல்லாம் சாப்பாட்டு வேளையிலேயே அவன் காதில் விழுந்துவிடும். பிறகு அதற்குத்தான் தகுதி என்று பெயர் வைக்கிறார்கள்.

அம்பேத்கர் 1913ல் அமெரிக்கா போய்க் கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தது பரோடா சமஸ்தானம் கொடுத்த மாதம் பதினொன்றரை பவுன் உபகாரச் சம்பளத்தால். அதற்கு முன்பே, பம்பாயில் காலேஜ் சம்பளம் கட்ட வழியில்லாத காலத்தில், கேளுஸ்கர் என்ற ஆசிரியர் பரோடா மகாராஜாவிடம் எடுத்துச் சொல்லி மாதம் 25 ரூபாய் வாங்கிக் கொடுத்தார். அம்பேத்கருக்கு அறிவைக் கேளுஸ்கரா கொடுத்தார்? கதவு எங்கே இருக்கிறது என்று காட்டினார், அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்ய நம் ஊரில் யார் இருக்கிறார்கள்?

நிற்க, சர்க்கார் மட்டும் யோக்கியமாக நடக்கிறதா என்று கேட்கலாம். இல்லைதான். தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் சீமையில் படிப்பதற்கான தேசிய உபகாரச் சம்பளத்துக்கு இந்தத் தேசம் முழுவதற்கும் 125 இடம். அதிலும், இந்தியப் பண்பாடு, சரித்திரம், சமூகம் பற்றி ஆராய்ச்சி செய்யக்கூடாது என்று 2022ல் விதி போட்டார்கள். சாதியைப் பற்றி வெளிநாட்டில் போய் ஆராய்ந்துவிடுவானோ என்ற பயம்தானே! அதே வருஷம் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கான மௌலானா ஆசாத் உபகாரச் சம்பளத்தை நிறுத்தினார்கள். 2025ல் சீமைப் படிப்புக்குத் தேறிய 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களிடம் பணம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். இவற்றை எதிர்த்துக் கூச்சல் போடத்தான் வேண்டும். ஆனால் கூச்சல் போடுகிறவன் வீட்டுப் பிள்ளையும் கெடுவுக்குள் பாரத்தை அனுப்பியிருக்கவேண்டுமல்லவா?

"படித்தவன் தானே தேடிக்கொள்ளட்டும், நாம் சொல்லிக்கொடுத்தால் சோம்பேறியாவான்" என்று ஒரு தோழர் சொன்னார். அவர் வீட்டுப் பையனுக்குப் பாரம் பூர்த்தி செய்தது அவர் மைத்துனர் என்பது நமக்குத் தெரியும்.

ஆடி மாதம் கூழுக்கும் ஒலிபெருக்கிக்கும் என்று ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருகிறார்களே, அந்த வசூலில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் ரயிலடிப் பக்கம் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர் வைக்கலாம். சுவரில் ஒரு பலகை வைத்து எந்த உபகாரச் சம்பளத்துக்கு எந்தத் தேதி கெடு, என்ன சர்டிபிகேட் வேண்டும் என்று எழுதிவைக்கலாம். முன்பே உபகாரச் சம்பளம் வாங்கிப் படித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் வந்து உட்காரட்டும். பெண்பிள்ளைகள் தாயாரோடு வந்து கேட்கட்டும். கட்டுரையைப் பிள்ளையே எழுதட்டும், இவர்கள் படித்துப் பார்த்துக் குறை சொல்லட்டும். காசு வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுக்கும் தரகனை மட்டும் உள்ளே விடவேண்டாம்.

மேலே சொன்ன பையன் இப்போது ஓ.பி.சி. சர்டிபிகேட் வாங்கிவிட்டான், மறுபடியும் எழுதப்போகிறான். மேசை போட்டால் முதல் ஆளாக வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறான். நாற்காலிகளுக்குத் தகப்பனார் 1500 ரூபாய் தருகிறாராம். சோசியன் வாங்கிய தொகை அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.