வெயிலறிந்து வண்டி வாங்குக

நமது நாட்டில் மோட்டார் வண்டி வாங்குவோரின் தொகை பெருகி வருகிறது. அஃது ஆட்சேபிக்கத் தக்கதன்று. ஆனால் அவர்கள் எதை விசாரித்து வாங்குகிறார்கள் என்று பார்த்தால் நமக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. விலை என்ன, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், முன்பலகையிலுள்ள திரை எவ்வளவு பெரிது, கூரையில் கண்ணாடி உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். சித்திரை மாதத்து உச்சி வேளையில் இவ்வண்டி என்ன பாடுபடும், இதில் உட்காருகிறவன் என்ன பாடுபடுவான் என்று கேட்பவரைக் காண்பது அரிது. வெயிலோடு பிறந்து வெயிலோடு வளர்ந்த ஜனங்கள், வெயிலைத் தவிர மற்றெல்லாவற்றையும் விசாரித்து வண்டி வாங்குவது விநோதமன்றோ?

நமது வெயில் இன்னதென்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2016 மே 19-ல் ராஜஸ்தானத்துப் பலோடியில் 51 டிகிரி பதிவாயிற்று. 2003 மே மாத இறுதியில் சென்னை நகரமே 45 டிகிரியைக் கண்டது. வேலூரிலும் திருத்தணியிலும் கரூரிலும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது அதிசயமன்று. இவையெல்லாம் நிழலில் எடுத்த அளவுகள். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் நிலைமை வேறு. அமெரிக்காவில் அரிஸோனா ராஜ்யத்துச் சர்வகலாசாலையார் 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய வண்டிகளின் உள்வெப்பம் சராசரி 47 டிகிரி என்றும், ஸ்டியரிங் சக்கரம் 53 டிகிரி, முன்பலகை 69 டிகிரி என்றும் கண்டார்கள். பூட்டிய வண்டிக்குள் முதல் பத்து நிமிஷத்திலேயே 10 டிகிரி ஏறிவிடும். "இதோ, இரண்டு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன்" என்று குழந்தையை உள்ளே விட்டுக் கடைக்குப் போகிறவர்கள் இக்கணக்கை மனத்தில் இருத்த வேண்டும்.

இத்தகைய சீதோஷ்ணத்தில் வாழும் நாம் எத்தகைய வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? முதலாவது நிறம். கறுப்பு வண்டியே கௌரவமென்று ஒரு கொள்கை நம்மவரிடையே பரவியிருக்கிறது. கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பர்க்லி ஆராய்ச்சிசாலையார் 2011-ல், ஒரே மாதிரியான கறுப்பு வண்டியையும் வெள்ளி நிற வண்டியையும் வெயிலில் நிறுத்திச் சோதித்தார்கள். கறுப்பு வண்டியின் கூரை 25 டிகிரி வரை அதிகமாகக் காய்ந்தது. உள்ளே இருந்த காற்றும் 5, 6 டிகிரி கூடுதலாகச் சுட்டது. வெள்ளை வண்டிக்கு விலை அதிகமில்லை; அதை நாடாதிருப்பதற்கு வீண் ஜம்பத்தைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை. ஆசனத்தின் உறைக்கும் இந்நியாயமே பொருந்தும்.

அடுத்தது கண்ணாடி. சன்ரூஃப் என்னும் கண்ணாடிக் கூரை குளிர்நாட்டார்க்கு ஏற்ற அலங்காரம். சூரியனை மாதக்கணக்கில் காணாதவர்கள் அவனை வண்டிக்குள் அழைப்பது நியாயம். நாமோ அவனைக் கண்டு குடை பிடிப்பவர்கள். குடை பிடிக்கிறவன் தன் குடையிலேயே ஜன்னல் வைப்பானோ?

பக்கக் கண்ணாடிக்குக் கறுப்புப் படலம் ஒட்டினால் போதுமென்பாரும் உளர். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 70 பங்கும், பக்கக் கண்ணாடிகள் 50 பங்கும் உள்ளே விட வேண்டும். கறுப்புப் படலங்களை 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு தடுத்தது. பின்னர் விதி திருத்தப்பட்டது. அவ்வெளிச்ச அளவு குறையாதாயின் உரிய தரமுள்ள படலம் கூடுமென்று 2024-ல் கேரள ஹைக்கோர்ட்டு தீர்ப்பளித்தது. இவ்வழக்குகளில் சிக்காமலே வெயிலைத் தடுக்க வழியுண்டு. சூரிய வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குப் புலனாகாத கதிர்களால் வருவது. அவற்றை மட்டும் தடுத்து வெளிச்சத்தை உள்ளே விடும் கண்ணாடி செய்யப்பட்டு வருகிறது. வண்டியில் உள்ளது அத்தகைய கண்ணாடிதானா என்று வியாபாரியைக் கேட்பது நமது கடமை.

மூன்றாவது ஏ.சி. இயந்திரம். ஏ.சி. இல்லாத வண்டி இன்று அபூர்வம். ஆனால் எல்லா ஏ.சி.யும் ஒன்றன்று. மாலை வேளையில் கடைவாசலில் இரண்டு தெரு சுற்றிப் பார்ப்பது பரீட்சையாகாது. உச்சி வேளையில் வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்து, பின்னாசனத்தில் நாமே உட்கார்ந்து, எத்தனை நிமிஷத்தில் குளிர்ச்சி வருகிறதென்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பின் வண்டியை ஓட்டாமல் என்ஜினை மட்டும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். என்ஜின் மெதுவாகச் சுழலும்போது கம்ப்ரஸரும் மெதுவாகச் சுழலும், காற்றோட்டமும் குறையும். நெரிசலில் நிற்கும்போது குளிர்ச்சி தராத ஏ.சி. நமது பட்டணங்களுக்கு உதவாது.

மின்சார வண்டி வாங்குவோர் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். வெப்பம் பாட்டரிக்குச் சத்துரு. 2012-ல் அரிஸோனாவில், நிஸ்ஸான் லீஃப் வண்டிகள் சிலவற்றின் பாட்டரி எதிர்பார்த்ததற்கு முன்பே சக்தி குன்றியது. அவ்வண்டியில் பாட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இருக்கவில்லை. ஆகவே, குளிர்விக்கும் திரவம் பாட்டரியைச் சுற்றி ஓடுகிறதா என்ற கேள்வி, ஒரு முறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் ஓடும் என்ற கேள்விக்கு எள்ளளவும் குறைந்ததன்று.

"பணமுள்ளவன் சுகத்தைப் பற்றிய பேச்சு இது, இதற்கொரு தலையங்கமா?" என்று சிலர் கேட்கக்கூடும். வண்டிக்குள் அதிக நேரம் இருப்பவன் முதலாளியல்லன். நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வாடகைக் கார் ஓட்டுகிறவனே அவ்வெயிலை முழுதும் அனுபவிக்கிறான். சவாரியில்லாத வேளையில் எண்ணெய்ச் செலவுக்கு அஞ்சி ஏ.சி.யை நிறுத்தி வேர்வையில் நனைகிறவனும் அவனே. கண்ணாடியும் நிறமும் உஷ்ணத்தைத் தடுத்தால், அவன் தேகத்துக்கு நன்மை. அவன் கூலிக்கும் நன்மை.

ஆகையால் இது தனி மனிதர் விவேகத்தோடு நின்றுவிடக் கூடாது. 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. வேண்டுமென்று சர்க்கார் விதித்தது. மோதினால் வண்டி எவ்வளவு தாங்கும் என்பதற்கு 2023 முதல் நட்சத்திர மதிப்பும் உண்டாயிற்று. வெயிலை எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஏன் ஒரு மதிப்பு வேண்டாம்? கண்ணாடி எத்தனை பங்கு வெப்பத்தை உள்ளே விடுகிறது, வெயிலில் காய்ந்த வண்டி எத்தனை நிமிஷத்தில் குளிர்கிறது, பாட்டரி எத்தனை டிகிரி வரை தாங்கும் என்னும் மூன்று எண்களையும் விலைப் பட்டியலிலேயே அச்சிடும்படி சர்க்கார் விதிக்க வேண்டும்.

இது பெரிய சிரமமன்று. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நமது தொழிலாளர் செய்யும் வண்டிகள் கப்பலேறிப் பல தேசங்களுக்குச் செல்கின்றன. எந்தத் தேசத்துக்கு எது வேண்டுமோ, அதற்கேற்ப வண்டியை மாற்றிக் கொடுக்கக் கம்பெனிகள் தயங்குவதில்லை. அரபு நாட்டு வெயிலுக்கென்று பெரிய ரேடியேட்டரும் வலிய ஏ.சி.யும் வைத்து வண்டி செய்து விற்கும் வழக்கம் உலகறிந்தது. அங்குள்ளோர் கேட்டார்கள், கிடைத்தது. நாம் கேட்டது கூரையில் கண்ணாடி, அதுவும் கிடைத்தது. வியாபாரி நாம் கேட்பதையே கொண்டுவருவான். இனிக் கடைக்குப் போகும் ஒவ்வொருவரும் நமது வெயிலை முன்வைத்துக் கேட்பார்களாயின், நமது வெயிலுக்கேற்ற வண்டி நமது தெருவுக்கு வந்தே தீரும்.