சீப்புக்கு அடங்காதது குற்றமா?

எண்ணெய் தடவி, தலை வாரி, க்ளிப் மாட்டி, கண்ணாடியில் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்குகிறேன். தெருமுனை தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "ஏம்மா, இன்னைக்குத் தலை வாரலையா?"

வாரினேன் என்றால் நம்ப மாட்டார்கள். நேற்றுதான் தலைக்குக் குளித்தேன் என்றாலும் நம்ப மாட்டார்கள். சுருட்டை முடிக்காரி சொல்லும் சாட்சி இந்த ஊரில் செல்லாது. அவள் தலையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

எத்தனை பெயர்கள் வைத்தீர்கள்! பரட்டை, காக்காக்கூடு, ஸ்டீல் நார், மேகி, ஸ்பிரிங். 'சாய்பாபா' என்று என்னைக் கூப்பிட்டுச் சிரித்த பெண்ணின் வீட்டுப் பூஜையறையில் அதே முடியோடு சத்ய சாய்பாபா படம் இருந்தது. அதற்குத் தினமும் பூ வைத்தார்கள். சாமி தலையில் இருந்தால் கும்பிடுவீர்கள். பக்கத்து பெஞ்ச் பிள்ளையின் தலையில் இருந்தால் பென்சிலைச் சொருகிப் பார்ப்பீர்கள்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது இந்த முடியை யாரும் குறை சொன்னதில்லையாம். "அப்படியே குட்டிக் கிருஷ்ணர்" என்று கொஞ்சினார்களாம். காலண்டர் கிருஷ்ணருக்கு நெற்றியெல்லாம் சுருள் சுருளாகத்தானே வரைகிறார்கள்? பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், கிருஷ்ணர் போய்ப் பரட்டை வந்துவிட்டது. நடுவில் என் முடி மாறவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் ரெட்டைச் சடை போட்டு, மடித்து, ரிப்பன் கட்ட வேண்டும். நேர்முடிக்காரப் பிள்ளைகளுக்கு அது சில நிமிட வேலை. எங்கள் வீட்டில் அது தினசரிப் போர். அம்மா சிக்கெடுக்கும்போது கண்ணில் நீர் முட்டும். நெற்றியில் வழிய வழிய எண்ணெய் வைத்து, தோல் இழுபட இறுக்கிப் பின்னி அனுப்புவார். ப்ரேயர் முடிவதற்குள் காதோரம் நாலு முடி சுருண்டு எழுந்து நிற்கும். அவ்வளவுதான். "படிய வாரிட்டு வரத் தெரியாதா? வீட்டில் அம்மா இல்லையா?" என்று வரிசையிலிருந்து வெளியே இழுத்து நிறுத்துவார்கள். விடியற்காலையில் எழுந்து என் தலையோடு மல்லுக்கட்டிய அம்மாவுக்குக் கிடைத்த பட்டம் அது.

யாராவது ஒரு ஆசிரியர் அறிவியல் பாடத்தை என் தலையோடு பொருத்திப் பார்த்திருக்கலாம். முடி முளைக்கும் குழி வளைந்திருந்தால் முடியும் வளைந்துதான் வெளியே வரும். நேர்முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டம். சுருட்டை முடியை வெட்டிப் பார்த்தால் நீள்வட்டம். தலையில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருளில் அது இறங்காது. அதனால்தான் எங்கள் முடி வறண்டு தெரிகிறது. அழுக்கினால் அல்ல, சோம்பலினால் அல்ல. காய்ந்த பிறகு நெருக்கமான சீப்பைப் போட்டு இழுத்தால் சுருள் கலைந்து பம்மென்று எழும்பும். ஈரமாக இருக்கும்போது விரலாலோ பல் அகன்ற சீப்பாலோ சிக்கெடுத்து அப்படியே விட்டால் அழகாகச் சுருண்டு நிற்கும். அதாவது, எதைச் செய்தால் இந்த முடி கலையுமோ அதைத் தினமும் செய்யச் சொல்லிவிட்டு, கலைந்திருக்கிறது என்று திட்டினார்கள்.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். என் தம்பியைக் கேளுங்கள். எனக்குக் கிடைத்த பட்டம் சோம்பேறி. அவனுக்குக் கிடைத்தது ரவுடி. முடி கொஞ்சம் வளர்ந்தால் பள்ளியில் வெளியே நிற்க வைப்பார்கள். பக்கத்தில் நேர்முடிக்காரன் அதே நீளம் வளர்த்திருப்பான். அவனுக்கு அது படிந்து கிடக்கும், கண்ணில் படாது. இவனுக்கு மேலே எழும்பி நிற்கும், மாட்டிக்கொள்வான். ராத்திரி பைக்கில் வந்தால் போலீஸ்காரர்கள் நாலு பேரில் இவனைத்தான் ஓரம் கட்டச் சொல்வார்கள். சினிமாவும் தன் பங்கைச் செய்தது. 1977இல் '16 வயதினிலே' படத்தில் ஊர் வம்புக்காரனுக்கு வைத்த பெயரே பரட்டை. அந்த வேடத்தில் நடித்த ரஜினிகாந்த் அதற்குப் பிறகு சூப்பர் ஸ்டார் ஆகிவிட்டார். பட்டப்பெயர் மட்டும் எங்கள் தலையிலேயே தங்கிவிட்டது.

தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "சுருட்டை முடிக்காரருக்கு முன்கோபம் ஜாஸ்தி இருக்குமாமே?" என்று கேட்டார்கள். ரெட்டைச் சுழி இருந்தால் ரெண்டு பொண்டாட்டி என்று சொல்லிக்கொண்டிருந்த ஊர்தானே இது? வங்கிக்கடன் தவணையைக்கூட ஒரு நாள் தள்ளிப் போடாத பையன் அவன். அவன் குணத்தைப் பற்றி அவன் முடியிடம் விசாரித்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொன்னால்தான் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். சுருட்டை முடியோடு நிறமும் கறுப்பாக இருந்தால் கேள்வியின் தொனி மாறுகிறது. "ஆப்பிரிக்காவா?" என்று சிரிப்பு. அதற்கு அடுத்து, "நீங்க எந்த ஆளுங்க?" முடியைப் பார்த்துச் சாதியைத் துழாவுகிற கண் அது. அந்தக் கண்ணுக்கு ஒரு பழைய வாத்தியார் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தை 1885 முதல் 1908 வரை நிர்வகித்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். ஆனைமலைக் காடர்களின் சுருட்டை முடியையும் குறித்துவைத்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய புத்தகத்தில் மனிதர்கள் அளவுகளாக அடுக்கப்பட்டிருக்கிறார்கள்.

அதே எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. போய்ப் பாருங்கள். சோழ நாட்டுச் சிற்பி அந்தத் தலை முழுக்கச் சுருள் சுருளாக வார்த்திருக்கிறான். ஞானம் அடைந்தவனுக்கு அவன் கொடுத்த முடி அது. அதை நீங்கள் எப்போது அசிங்கமாக்கினீர்கள்?

என் கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். "பொண்ணு லட்சணமா இருக்கா. முடியை மட்டும் ஸ்ட்ரெய்ட் பண்ணிட்டா நல்லா இருக்கும்" என்றார் மாப்பிள்ளையின் அத்தை. கேட்டது கோரிக்கை மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் சம்மதம் கேட்கவில்லை. பார்லர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பை ரசாயனத்தால் உடைத்து, சூடான இரும்பால் அழுத்தி நேராக்கி, இன்னொரு திரவத்தால் அப்படியே பூட்டுவதுதான் ரீபாண்டிங். கண் எரிந்தது, தொண்டை கரித்தது, தலைத்தோல் தீயாய்க் காந்தியது. முகூர்த்தத்தில் எல்லோரும் அழகு என்றார்கள். சில மாதத்தில் வேர்ப்பக்கம் மறுபடி சுருண்டு வந்தது. உடனே, "என்னம்மா, மெயின்டெய்ன் பண்ணலையா?"

எதை மெயின்டெய்ன் பண்ணச் சொல்கிறீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா? முடியை நேராக்கும் சில திரவங்களைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வெளிவருகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2022இல் முடிவை வெளியிட்டது. ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் முடியை நேராக்கும் பொருளைப் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ஆய்வில் முடியை நேராக்கிக்கொண்டதாகச் சொன்னவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள். அவர்களையும் யாரோ ஒரு அத்தை நாற்காலியில் உட்கார வைத்திருப்பார். இதுதான் காரணம் என்று ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. தொடர்பு இருக்கிறது என்கிறது. உங்கள் கல்யாண ஆல்பத்துக்காக அந்தத் தொடர்பை என் கருப்பை ஏன் சுமக்க வேண்டும்?

2015இல் 'பிரேமம்' வந்தது. அனுபமா பரமேஸ்வரனின் சுருட்டை முடிக்குப் பையன்கள் உருகினார்கள். அதே ஆண்டு 'ஓ காதல் கண்மணி'யில் நித்யா மேனனின் சுருளைக் கொண்டாடினார்கள். இனி விடிந்துவிடும் என்று நினைத்தேன். திரையில் இருப்பது ஸ்டைல், தெருவில் நடப்பது பரட்டை என்று இரண்டு கணக்கு வைத்துக்கொண்டீர்கள். அலுவலகத்தில் வாடிக்கையாளரைச் சந்திக்கப் போகிற அன்றைக்கு, "கொஞ்சம் ப்ரொஃபஷனலா வாங்க" என்று என் தலையைப் பார்த்துத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

2023இல் வந்த ஒரு ஆய்வையும் கேளுங்கள். மனித உடல் போன்ற சூடேறும் பொம்மைக்கு விதவிதமான முடியை மாட்டி, செயற்கை வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். தலைக்கு வெயில் சூடு ஏறாமல் மிக நன்றாகத் தடுத்தது இறுகச் சுருண்ட முடிதான். கத்திரி வெயில் கொளுத்துகிற ஊரில் குடையோடு பிறந்திருக்கிறோம். அதைப் பிடுங்கி நிமிர்த்தப் பார்க்கிறீர்கள்.

கலிஃபோர்னியாவில் 2019இல், முடியின் இயல்பைக் காட்டி வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். எனக்குச் சட்டம்கூட வேண்டாம். ஆசிரியர்களே, தலையில் சுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பெற்றோர்களே, பத்து வயதுப் பிள்ளையைப் பார்லருக்கு இழுத்துப் போகாதீர்கள். பெண்ணோ மாப்பிள்ளையோ பார்க்க வருகிறவர்களே, முடியைத் திருத்தும் நிபந்தனையோடு வருவதாக இருந்தால் வாசலோடு திரும்பிப் போய்விடுங்கள். மற்றவர்களுக்கு ஒன்றே ஒன்று: என்னைக் கேட்காமல் என் தலையில் கை வைக்காதீர்கள்.

இனி யாராவது தலை வாரலையா என்று கேட்டால் விளக்கம் சொல்லப் போவதில்லை. வாரியிருக்கிறேன். என் முடி இப்படித்தான் இருக்கும்.