கட்டணமில்லாப் பாலம்



திருச்சியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலத்தில் நின்று, பொங்கிவரும் புதுப்புனலை ஒருவர் கைபேசியில் படம்பிடிக்கிறார் என வைத்துக்கொள்வோம். உலகோர் அனைவரும் காண அதனை விக்கிமீடியா பொதுவகத்துக்கு வழங்க விழைகிறார். ஆனால் அங்கே அஃது அப்படியே ஏற்கப்படுவதில்லை. ஏன்?

கைபேசி தரும் எம்.பி.4 கோப்பினுள் பெரும்பாலும் இருப்பது எச்.264 என்னும் முறை. பல நிறுவனங்கள் காப்புரிமை பெற்ற முறை அது. எவரும் கட்டணமின்றிக் கையாளத்தக்க திறந்த முறைகளையே பொதுவகம் நாடுகிறது. எம்.பி.4ஐ அனுமதிக்கலாமா என 2014இல் அதன் பங்களிப்பாளர்கள் வாக்களித்தபோதும் மறுப்பே வென்றது.

திறந்த முறைகள் இல்லாமல் இல்லை. 2008இல் தியோரா, 2010இல் வெப்எம், 2018இல் ஏவி1 ஆகியன முழுமை பெற்று வெளிவந்தன. எனினும் கைபேசிச் சில்லுகள் நெடுங்காலம் பழைய முறைக்கே அமைக்கப்பட்டன. பயன்படுத்துவோர் இல்லையெனத் தயாரிப்போர் தயங்க, கருவி இல்லையெனப் பயன்படுத்துவோர் தயங்கினர்.

இத்தயக்கத்தை உடைக்கும் முதல் அடியை நம் இல்லத்திலேயே எடுத்து வைக்கலாம். கோப்பினைத் திறந்த முறைக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் பிள்ளைகள் அதனைக் கற்றுக்கொண்டால், பாட்டனாரின் குரலும் காவிரியின் காட்சியும் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் நாளைய தலைமுறையைச் சென்றடையும்.