மக்குன்னு திட்டாதீங்க சார்!

மெஸ் வாசல்ல ரெண்டு தொட்டி இருக்குமே... 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை'ன்னு. முதல் தொட்டியில விழுறதுதான் கம்போஸ்ட் ஆகுது. இந்த வாரம் அந்த வார்த்தையைத்தான் கிளறப்போறோம். மூக்கைப் பொத்தாதீங்க பாஸ், கதை சமையல்கட்டுலதான் ஆரம்பிக்குது!

1390 வாக்கில் இங்கிலாந்து ராஜா இரண்டாம் ரிச்சர்டோட சமையல்காரங்க தொகுத்த புத்தகம் 'ஃபார்ம் ஆஃப் கியூரி'. அதுல 'கம்போஸ்ட்'னு ஒரு ஐட்டம்! முள்ளங்கி, முட்டைகோஸ், பேரிக்காய்னு கிடைச்சதை எல்லாம் வேகவெச்சு வினிகர், ஒயின், தேன், கடுகுல ஊறப்போடுறது. நம்ம ஊறுகாய்க்கு ஒண்ணுவிட்ட தம்பி!

லத்தீன்ல 'காம்பொனேரே'ன்னா சேர்த்து வைக்கிறது. அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது. காய், பழத்தைச் சேர்த்தாலும் கம்போஸ்ட், சாணியையும் இலைதழையையும் சேர்த்தாலும் கம்போஸ்ட். அப்புறம் பழம் மட்டும் 'காம்போட்'னு பேரை மாத்திக்கிட்டுத் தனிக்குடித்தனம் போயிடுச்சு. மெக்கானிக்கல் மக்களே, நீங்க கட் அடிக்கிற 'காம்போசிட் மெட்டீரியல்ஸ்' வகுப்பும் இதே குடும்பம்தான். இ.சி.ஈ-காரங்களோட 'காம்பொனென்ட்'டும்தான்!

ஆக, இங்கிலீஷ் பேரு சேர்க்கிற வேலையைச் சொல்லுது. அது லேசுப்பட்ட வேலை இல்லை. மிச்ச சோத்தைச் சும்மா குவிச்சா நாறும். காய்ஞ்ச சருகுல கார்பன் அதிகம், சாணம், பச்சைத் தழையில நைட்ரஜன் அதிகம். கலவையில ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25, 30 பங்கு கார்பன் இருக்கணும். ஈரமும் காத்தும் வேணும். எல்லாம் கூடிவந்தா, அடுப்பே இல்லாம குவியலோட நடுப்பகுதி 55 டிகிரியைத் தாண்டும். எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பண்ற வேலை! இந்தூர்ல 1924-ல் இருந்து 1931 வரை ஆல்பர்ட் ஹோவர்ட் இதை முறைப்படுத்தினார். அதனாலதான் உலகம் முழுக்க 'இந்தூர் முறை'ன்னு பேரு.

இப்ப நம்ம தமிழுக்கு வருவோம். குப்பை மக்கினாலும் மக்கு, புத்தி மழுங்கினாலும் மக்கு. அரியர் வெச்சவனைப் பார்த்து லெக்சரர் சொல்ற அதே மக்கு! இது எந்த ஊர் நியாயம்? உள்ளுக்குள்ள கொதிச்சு மண்ணுக்கே தெம்பு கொடுக்கிறது எது... எத்தனை வருஷமானாலும் அப்படியே அசையாம கிடக்கிற பாலித்தீன் கவரா?

எங்க பெஞ்ச்ல ஒருத்தன், அந்த ஒரு வார்த்தையை வாங்கினதுக்கு அப்புறம் ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு டவுட்கூட கேட்கலை. அந்தக் கடுப்புலதான் டிக்‌ஷனரியைப் புரட்ட ஆரம்பிச்சேன்.