கண்ணை லேசர் செய்தால் விமானி ஆகலாமா? ஒரு தம்பிக்காக எழுதுகிறேன்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளை இருந்தால் கடைசி வரைக்கும் படிங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிந்து பெரிய சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். எப்போதும் கலகலன்னு பேசும் ஒரு தம்பி அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பட்டர்வொர்த்தில் வளர்ந்த பையன். ஹோர்னெட் விமானம் தலைக்கு மேல் போனால் நாமெல்லாம் காதைப் பொத்துவோம், அவன் வெளியே ஓடிப்போய் அண்ணாந்து பார்ப்பான். ராணுவ விமானி ஆகணும் என்பது சின்ன வயசு ஆசை. ஆனால் கண்ணாடி பவர் மைனஸ் நாலரை.

விளம்பரத்தைப் பார்த்து ஒரு கிளினிக்கில் லேசிக் செய்துகொண்டான். அம்மா நகையை அடகு வைத்துத்தான் பணம் கட்டினாங்க. இப்போது கண்ணாடி இல்லாமல் கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறான். எல்லாருக்கும் சந்தோஷம்.

விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். கண்ணில் அறுவை சிகிச்சை செய்ததுண்டா, எந்த வகை, எப்போது, அதற்கு முன் பவர் என்ன என்று கேள்வி. இவன் கையில் ரசீது மட்டும்தான் இருக்கு. கிளினிக்கில் "விமானி ஆகப் போகிறேன்" என்று இவனும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இதற்கிடையில் யாரோ ஒரு அண்ணன், "இல்லைன்னு டிக் போடு, யாருக்குத் தெரியப் போகுது" என்று சொல்லிவிட்டாராம். "அங்கிள், நான் என்ன செய்யட்டும்?" என்று என்னைக் கேட்டான்.

நான் எஸ்.பி.எம். படித்த ஆள், டாக்டர் இல்லை. "ஒரு வாரம் டிக் போடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு, ராத்திரி மகளோடு உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

கருவிழியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். லேசர் அதைக் கொஞ்சம் செதுக்கி வடிவத்தை மாற்றுது. பி.ஆர்.கே. என்ற முறையில் மேல்தோலை எடுத்துவிட்டுச் செதுக்குவார்கள். வலி அதிகம், பார்வை நிலைக்க வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். லேசிக்கில் மெல்லிய மூடி மாதிரி வெட்டித் திறந்து, உள்ளே செதுக்கி, திரும்ப மூடுவார்கள். சீக்கிரம் ஆறிடும். ஆனால் அந்த மூடி முன்பு இருந்த பலத்தோடு ஒட்டுவதில்லை. கண்ணில் பலத்த அடி பட்டால் நகரலாம். ஆபீஸ் வேலைக்கு இது பெரிய விஷயமில்லை. போர் விமானத்திலிருந்து இருக்கையோடு வெளியே தூக்கி எறியப்படும் ஆளுக்கு யோசிக்க வேண்டிய விஷயம்.

கண்ணாடி போட்டுக்கொண்டே ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். போர் விமானம் வேகமாகத் திரும்பும்போது 9 ஜி வரைக்கும் போகும். 25 கிராம் கண்ணாடி அப்போது 225 கிராம் மாதிரி மூக்கை அழுத்தும். அதோடு ஹெல்மெட், மூச்சுக்கவசம், இரவில் பார்க்கும் கருவி எல்லாம் இருக்கு.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். லேசர் கருவிழியை மட்டும்தான் மாற்றும். கிட்டப்பார்வை உள்ள கண் பெரும்பாலும் நீளமாக இருக்கும், அந்த நீளம் குறையாது. விழித்திரைக்கு உள்ள ஆபத்தும் அப்படியே இருக்கும். அதனால்தான் இப்போது 6/6 வந்தாலும் பழைய பவரைக் கேட்கிறார்கள். அமெரிக்க விமானப்படையில் சிகிச்சைக்கு முன் மைனஸ் 8-க்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். நிறக்குருடு இருந்தால் லேசரால் ஒன்றும் ஆகாது. சிலருக்குக் கண் உலர்ந்து போகும், ராத்திரி விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். இரவில் விமானத்தை இறக்குகிறவனுக்கு அந்த வட்டம் சின்ன விஷயமா?

இப்போது பொய் டிக் விஷயத்துக்கு வருகிறேன். என் லைனில் ஒரு பொருள் ரிப்பேர் செய்து திரும்ப வந்தால் ரீவொர்க் டேக் கட்டணும். ரீவொர்க் செய்தது குற்றமில்லை, பல பொருள் பாஸ் ஆகிப் போகுது. டேக்கைக் கழற்றி நல்ல பொருளோடு கலந்தால்தான் வேலை போகும். ஏன்னா பின்னாடி பழுது வந்தால் எங்கே தேடுவது என்றே தெரியாது. கண்ணும் அப்படித்தான். "யாருக்குத் தெரியும்" என்பதும் தப்பு. கருவிழியின் வடிவத்தையும் தடிமனையும் அளக்கும் கருவி காட்டிக்கொடுக்கும், லேசிக் மூடியின் ஓரத்தை டாக்டர் கருவியில் பார்ப்பார்.

இன்னும் ஒரு கதை கேளுங்க. அமெரிக்காவில் முன்பு லேசர் செய்த கண் என்றாலே விமானிப் பயிற்சிக்குக் கதவு மூடியிருந்தது. 1990-களில் அவர்களுடைய கடற்படை சான் டியாகோவில் இதை ஆராய்ந்தது. முன்னின்று நடத்தியவர் ஸ்டீவ் ஷால்ஹோர்ன், எஃப்-14 ஓட்டிய விமானி, பிறகு கண் டாக்டர் ஆனவர். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து, இரவுப் பார்வையைச் சோதித்து எல்லாம் எழுதி வைத்தார்கள். முதலில் பி.ஆர்.கே.-க்கு வழி பிறந்தது. 2007-இல் விமானப்படை லேசிக் செய்தவர்களுக்கும் வழி விட்டது, அதே ஆண்டு நாசாவும் ஏற்றுக்கொண்டது.

எதனால் திறந்தது? செய்துகொண்டவர்கள் வெளிப்படையாகச் சொல்லி, தங்கள் கண்ணை அளக்க விட்டதால். எல்லாரும் மறைத்திருந்தால் கணக்கும் இல்லை, மாற்றமும் இல்லை. மறைக்கிறவன் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறான், பின்னால் வரும் தம்பிகளுக்குக் கதவைச் சாத்துகிறான். இது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் எழுதுங்க.

பெற்றோருக்கு என் வேண்டுகோள். ஒவ்வொரு படைக்கும் விதி வேறு, காலத்துக்குக் காலம் மாறும். அமெரிக்காவில் சரி என்பதால் இங்கே சரி என்று எடுத்துக்கொள்ளாதீங்க. அதனால்:

லேசர் செய்வதற்கு முன் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் நேரில் கேளுங்க. எந்த முறை, எத்தனை மாதம் காத்திருக்கணும், பழைய பவருக்கு வரம்பு உண்டா என்று கேளுங்க.

டாக்டரிடம் என்ன வேலைக்குப் போகப் போகிறான் என்று முதலிலேயே சொல்லுங்க.

பவர் நின்றுவிட்டதா என்று பாருங்க. ஏறிக்கொண்டே இருக்கும் கண்ணில் செய்யாதீங்க.

முன்னும் பின்னும் எடுத்த எல்லா ரிப்போர்ட்டையும் பிரதி எடுத்து வைங்க. ரசீது மட்டும் போதாது.

தம்பி நேற்று கிளினிக்குக்குப் போய்ப் பழைய ரிப்போர்ட் கேட்டிருக்கிறான். அடுத்த வாரம் வரச் சொன்னார்களாம். படிவத்தில் "ஆம்" என்றுதான் எழுதப் போகிறான். எடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. எடுக்காவிட்டால் விமானப் பராமரிப்பு இன்ஜினியரிங் பக்கமும் பார் என்று சொல்லியிருக்கிறேன், அவனுக்கு அது இன்னும் மனசுக்கு ஒட்டவில்லை. அவன் அம்மா மட்டும் என்னிடம், "நகை போனால் போகுது அண்ணே, பிள்ளை பொய் சொல்லாமல் போகட்டும்" என்றாங்க.

ஆகாயப்படையில் வேலை செய்த நம்மவர் யாராவது இதைப் படித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நம் பிள்ளைகளிடம் பேசுங்க. டீ, பலகாரம் என் பொறுப்பு. மற்றவர்கள் தெரிந்த பிள்ளைகளுக்கு ஷேர் பண்ணுங்க.